பிறருக்காகச் சொன்ன ‘நான்’

எங்கள் சபையில் சாட்சி சொல்லும் கூட்டம் என்று ஒன்று நடக்கிறது. ஒருவர் எழுந்து நின்று, இன்ன வருஷம், இன்ன கிழமை, மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் தம் உள்ளத்தில் ஒளி பாய்ந்தது என்பார். முதல் நாள்வரை அவர் சூதாடி, மறுநாள் காலையில் பரிசுத்தவான். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். போதகர் தலையை ஆட்டுவார். பிறகு எல்லோருக்கும் தேநீரும் கேக்கும்.

நான் வாழ்நாளெல்லாம் சாட்சிகளின் பக்கத்தில் நின்று பிழைத்தவன். கேட்காமலே நாளும் நேரமும் சொல்லுகிற சாட்சியை எந்த மாஜிஸ்திரேட்டும் லேசில் நம்பியதில்லை, நானும் நம்புவதில்லை. இந்த முறை போதகர் என்னையே பேசச் சொன்னார். நீங்கள் இரட்சிக்கப்பட்ட நாளைப் பற்றிச் சுருக்கமாகவும் உருக்கமாகவும் பேசுங்கள் என்றார். அப்படி ஒரு நாள் என்னிடம் இல்லை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, ரயிலில் டிக்கெட் இல்லாமல் வந்தவனைப் பார்க்கும் பார்வை. அதனால் மேடையில் பேசாததை இங்கே எழுதுகிறேன். கோர்ட்டில் புதிதாகத் துபாசி வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளும் பழைய நாட்களைப் பற்றி எழுதச் சொல்லித் தொந்தரவு செய்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே கதைதான்.

நான் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். படித்தது மிஷன் பள்ளிக்கூடம். எங்கள் ஊரில் இங்கிலீஷ் வேண்டுமென்றால் வேதபாடத்தையும் சேர்த்துத்தான் விழுங்க வேண்டும். கசப்பு மருந்தோடு கொடுக்கும் சீனி எது, மருந்து எது என்று தெரிந்தே விழுங்கினோம். நெற்றியில் திருநீறு, வாயில் பைபிள் வசனம். பரிசுகூட வாங்கியிருக்கிறேன். அதில் ஒரு எழுத்தும் உள்ளே இறங்கவில்லை. பெரிய யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன் ஜொகூர் பாருவுக்கு வந்தேன். கொஞ்ச காலம் குமாஸ்தா, பிறகு பரீட்சை எழுதிக் கோர்ட்டில் தமிழ்த் துபாசி. தமிழ் மட்டும் தெரிந்த கூலிக்கும் தமிழே தெரியாத நீதிபதிக்கும் நடுவில் நிற்பவன்.

எனக்கு மேலே பெரிய துபாசியாக இருந்தவர் பெஞ்சமின் என்பவர். அவரும் எங்கள் ஊர்ப்பக்கத்தவர். மூன்று தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பம் என்பதை அறிமுகமான உடனேயே சொல்லிவிடுவார். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டில் ஒரு சுருக்கம் இருக்காது. நாக்கின் கீழ் எப்போதும் ஒரு கராம்பு. தோட்டத்து ஆட்கள் கூண்டில் ஏறினால் கைக்குட்டையை மூக்குக்கு அருகே கொண்டுபோவார். மூக்கைத் தொடமாட்டார், அது மரியாதைக் குறைவு. நாம் ஒரு சொல்லைத் தவறாக மொழிபெயர்த்தால் திட்டமாட்டார். தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமலுக்குப் பயந்தே நான் இரண்டு பாஷையும் ஒழுங்காகக் கற்றேன் என்பதையும் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாடகர் குழுவில் அடிக்குரலில் பாடுவாராம். அதைக் கேட்க நான் போனதில்லை.

வேலையின் முறையை அவர்தான் கற்றுக்கொடுத்தார். சாட்சிக்காரனுக்கு இடப்பக்கம் நிற்க வேண்டும். பார்வை நீதிபதியின் மேல் இருக்க வேண்டும், சாட்சியின் மேல் அல்ல. கிறிஸ்தவன் என்றால் கையில் வேதப்புத்தகத்தைக் கொடுத்துச் சத்தியம் வாங்க வேண்டும், மற்றவர்களுக்கு உறுதிமொழி. எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று.

"தம்பி, அவன் சொல்லுறான், இவன் சொல்லுறான் எண்டு துவங்கக் கூடாது. அவன் ‘நான் அடிச்சேன்’ எண்டால் நீரும் ‘நான் அடித்தேன்’ எண்டுதான் இங்கிலீசிலை சொல்லவேணும். அந்தக் கூண்டுக்குப் பக்கத்திலை நிக்கும்வரை உமக்கெண்டு ஒரு ‘நான்’ இல்லை."

இதை நான் மிக நன்றாகக் கற்றுக்கொண்டேன். வருஷக்கணக்காகக் கோழி திருடினேன், கங்காணியை வெட்டினேன், அடுத்தவன் பெண்டாட்டியோடு ஓடினேன், கள் குடித்துவிட்டு ரயில் பாதையில் படுத்தேன். எல்லாம் நல்ல இங்கிலீஷில். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் குமாஸ்தாக்கள் என்னைச் சூழ்ந்துகொள்வார்கள். அன்று கூண்டில் நின்றவன் எப்படி மூக்கை உறிஞ்சினான், எப்படிச் "சாமி, தொரை" என்று குழைந்தான் என்று நடித்துக் காட்டுவேன். பெஞ்சமின்கூட கராம்பை ஒதுக்கிக்கொண்டு சிரிப்பார். அந்த ஆட்களை மனிதர்கள் என்று நான் நினைக்கவில்லையா என்று கேட்டால், அப்படி ஒரு கேள்வியே எனக்கு எழவில்லை என்பதுதான் பதில்.

இனி அந்த வழக்கு.

செனாய்ப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் எடுக்கும் இடத்துக்கு, தேவசகாயம் என்ற பால்வெட்டுக்காரன் தாமதமாக வந்தான். முத்துவீரன் என்ற கங்காணி ஏசினான். பேச்சு முற்றியது. தேவசகாயம் கீழே விழுந்தான், அன்றைக்கே செத்துப்போனான். மலேரியாவில் மண்ணீரல் வீங்கியிருந்தது, அது கிழிந்துவிட்டது என்றார் டாக்டர். உதைத்தாலும் கிழியும், வாய்க்கால் ஓரத்துக் கல்லில் விழுந்தாலும் கிழியும் என்றார். ஆகவே வழக்கு முழுவதும் ஒரே ஒரு சாட்சியின் வாயில் தொங்கியது. செத்தவனின் அண்ணன் யேசுதாசன்.

முதல் விசாரணையில் இவன் தெளிவாகச் சொல்லியிருந்தான்: தம்பி விழுந்து கிடந்தபோது கங்காணி வயிற்றில் காலால் உதைத்தான் என்று. அது போதும், வழக்கு பெரிய கோர்ட்டுக்குப் போனது. நிரூபணமானால் முத்துவீரனுக்குக் கயிறோ, நீண்ட கால ஜெயிலோ நிச்சயம். தோட்டத்து ஜனங்கள் அவனை வெறுத்தார்கள். வெறுக்கத்தக்கவன்தான். பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் சீட்டி அடித்துக் கூப்பிடுகிற ஜாதி.

பெரிய கோர்ட்டில் நான்தான் துபாசி. யேசுதாசன் கூண்டில் ஏறினான். குட்டையான ஆள், சிவந்த கண்கள், காலையிலேயே கள் நாற்றம். கிறிஸ்தவன் என்று சொன்னதால் வேதப்புத்தகத்தைக் கொடுத்தேன். அதை வாங்கியவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திருப்பித் தரவில்லை. நான் பிடுங்க வேண்டியிருந்தது.

அரசாங்க வக்கீல் கேட்டார்: "எதிரி உன் தம்பியை என்ன செய்தான்?"

"தள்ளுனாருங்க. எந் தம்பிதான் மொதல்ல பால்வெட்டுக் கத்திய ஓங்குனான். இவரு தள்ளுனாரு. அவன் கல்லு மேல போயி விழுந்தான்."

நான் அப்படியே சொன்னேன். வக்கீலின் முகம் சுருங்கியது. காலால் உதைத்ததாக முன்பு சொன்னாயே என்றார்.

"அது பொய்ங்க. அன்னிக்கு எம் பேர யாரும் சரியா கேக்கல, வேதக்காரன்னு தெரியாம புஸ்தகமும் குடுக்கல. கோவத்துல சொல்லிட்டேன். இன்னிக்குப் புஸ்தகத்தப் புடிச்சுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. புத்தகம் கொடுக்காவிட்டால் பொய் சொல்லலாமாம், கொடுத்தால் கூடாதாம். இதுதான் இவர்கள் மதம் என்று நினைத்தேன். நீதிபதி கொஞ்ச நேரம் கோர்ட்டை ஒத்திவைத்தார்.

பெஞ்சமின் என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கராம்பைத் துப்பிவிட்டுப் பேசினார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"தம்பி, அவன் வெருண்டுபோனான். கங்காணியின்ரை ஆக்கள் மிரட்டியிருப்பினம். தள்ளுறதெண்டால் காலாலையும் தள்ளலாம் அல்லோ? திரும்பக் கேக்கேக்கை, ‘காலால் தள்ளினான்’ எண்டு நீர் சொல்லிவிடும். ஒரு ஏழைக்கு நியாயம் கிடைக்கும். மேலிடத்திலும் உம்மைப் பற்றி நல்லாச் சொல்லுவினம்."

"நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போறனீங்கள் அல்லோ?" என்று கேட்டேன்.

"கோயில் ஞாயிற்றுக்கிழமை. இண்டைக்கு வியாழன்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. தகவல் சொல்வதுபோலச் சொன்னார்.

கோர்ட் திரும்பக் கூடியது. கையாலா, காலாலா என்று நீதிபதியே கேட்டார். நான் கேட்டேன். யேசுதாசன் பேசாமல் இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் நீட்டிக் காட்டினான். பால் படிந்து கறுத்த கைகள். "அவர் இரண்டு கைகளாலும் தள்ளியதை நான் பார்த்தேன்" என்று சொன்னேன். தருமத்துக்காகச் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் மொழிபெயர்ப்பில் இன்னொருவன் கைவைப்பதை நான் சகிக்கமாட்டேன். அவ்வளவுதான்.

முத்துவீரன் சிறிய தண்டனையோடு தப்பினான். முதல் விசாரணையில் பொய் சொன்னதற்காக யேசுதாசனுக்கு ஜெயில். அந்தத் தீர்ப்பையும் நான்தான் அவனுக்குத் தமிழில் சொன்னேன். "சரிங்க" என்றான். போலீஸ்காரன் கையைப் பிடித்தபோது திரும்பி என்னைப் பார்த்தான்.

"சாமி, நான் சொன்னத நீங்க சரியா சொன்னீங்களா?"

அத்தனை வருஷத்தில் எந்தச் சாட்சியும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. சொன்னேன் என்றேன்.

"அப்ப சரி" என்று போய்விட்டான். வாசலில் அவனுடைய தோட்டத்துப் பெண்கள் அவன்மேல் மண்ணை வாரித் தூற்றினார்கள்.

சில மாதங்களில் எனக்குப் பொந்தியானுக்கு மாற்றல் வந்தது. பெஞ்சமின் கைகுலுக்கி, கடற்காற்று உடம்புக்கு நல்லது என்றார்.

அப்போதைய பொந்தியானில் இருந்தவை சேறு, தென்னை, அன்னாசி, கொசு, ஒரு சின்னக் கோர்ட். தகரக் கூரை போட்ட ஒரு ஜெபக்கூடமும் இருந்தது. மாதம் ஒருமுறை வெள்ளைக்காரப் பாதிரியார் வருவார். அவருக்குத் தமிழ் வராது. ஒரு உபதேசியார் மொழிபெயர்ப்பார். ஒருநாள் அந்தப் பக்கமாக நடந்துபோனபோது காதில் விழுந்தது: கடவுளுடைய நெஞ்சம் மிகப் பெரியது என்று பாதிரியார் சொன்னதை, கடவுளுக்கு நெஞ்சு வீங்கியிருக்கிறது என்று உபதேசியார் சொல்லிக்கொண்டிருந்தார். ஜனங்கள் பரிதாபமாகத் தலையாட்டினார்கள். எனக்கு உடம்பு கூசியது. கோர்ட்டில் என்னைப் பார்த்திருந்த பாதிரியார் அடுத்த மாதம் வந்து, தமக்கு மொழிபெயர்க்கக் கேட்டபோது ஒத்துக்கொண்டேன். மனைவி பிரசவத்துக்கு யாழ்ப்பாணம் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையில் செய்வதற்கும் ஒன்றும் இல்லை.

கோர்ட் முறைப்படியே செய்தேன். இடப்பக்கம் நிற்பது, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது. பாதிரியார் ‘நான் பாவி’ என்றால் நானும் ‘நான் பாவி’. அவர் ‘என்னை மன்னியும்’ என்றால் நானும் ‘என்னை மன்னியும்’. நெற்றியில் திருநீறோடுதான் சொன்னேன். அந்தப் பாதிரியாரின் பிரசங்கம் பெரும்பாலும் சவசவ என்று இருக்கும். ஒரே உவமையை வருஷத்துக்கு இரண்டு தடவை சொல்வார். சில இடங்களில் என் தமிழ் அவருடைய இங்கிலீஷைவிட நன்றாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

முதல் வரிசைப் பெஞ்சில் ஒருநாள் யேசுதாசன் உட்கார்ந்திருந்தான். ஜெயிலிலிருந்து வந்தவனைத் தோட்டத்தில் சேர்க்கவில்லை, சொந்த ஜனமும் சேர்க்கவில்லை. ரோடு போடும் கூலியாக இங்கே வந்திருந்தான். மனம் திருந்திய மகான் யாரையாவது எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். சம்பள நாளில் குடிப்பான். சண்டை போடுவான். இரண்டொரு தடவை கோர்ட்டுக்கே வந்தான், அவனுக்காக ‘நான் குடித்தேன், நான் அடித்தேன்’ என்று சொன்னதும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் பாடுகிற பாட்டில் தகரக் கூரை அதிரும், ராகம் மட்டும் இருக்காது.

வருஷங்கள் போயின. ஜொகூர் கடலில் கல்லைக் கொட்டிச் சிங்கப்பூருக்குப் பாலம் கட்டி முடித்தார்கள். நான் மாதந்தோறும் பாவி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் பொந்தியான் கோர்ட்டுக் குமாஸ்தாக்கள், காலையில் கூண்டில் அழுத ஒரு பெண்ணைப்போல நடித்துக் காட்டச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். குரலைக்கூட மாற்றிக்கொண்டேன். வாய் வரவில்லை. தலைவலி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். உண்மையிலேயே தலைவலி என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த வாரமும் அதே தலைவலி. பிறகு அவர்கள் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

இன்னொரு நாள், உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு முந்திய தபசுகாலம். பாதிரியாருக்குக் காய்ச்சல், அப்படியும் வந்திருந்தார். ஜெபத்தின் நடுவில் வார்த்தை வராமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் கண்ணை மூடியிருந்தேன். என் குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. "நான் மனிதர்களை அற்பமாக எண்ணினேன். அவர்கள் வார்த்தையை எடுத்துக்கொண்டேன், அவர்களை எடுத்துக்கொள்ளவில்லை. என்னை மன்னியும்." இப்படி என்னமோ. நல்ல தமிழ்கூட இல்லை. பிறகுதான் அந்த வாக்கியங்களை இங்கிலீஷில் யாருமே சொல்லவில்லை என்பது தெரிந்தது. கண்ணைத் திறந்தேன். பாதிரியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முன் பெஞ்சிலிருந்து யேசுதாசன் கூரை அதிர "ஆமென்" என்றான். அவனுக்கு இது ஒரு சாதாரண ஆமென்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த மாதம் போகக்கூடாது என்று முடிவுசெய்தேன். போனேன்.

இதுதான் அந்த நாளா என்று நம் போதகர் கேட்பார். இல்லை. அதற்குப் பிறகும் நான் திருநீறு பூசினேன். ஒரு மலாய்ப் பியூனை நாய் என்று ஏசினேன். ஞானஸ்நானம் பற்றிப் பாதிரியார் பேச்செடுத்தபோது, மொழிபெயர்க்கக் கூப்பிட்டவர் என்னையே மொழிபெயர்க்கப் பார்க்கிறீரா என்று கேட்டுச் சண்டை போட்டேன். மரத்தில் ஈரம் ஏறுவதை யார் பார்த்தார்கள்?

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களும் ரோட்டு வேலையும் ஆட்களைக் கழித்துக் கட்டின. அவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அனுப்புமுன் ஒரு துரை உட்கார்ந்து ஒவ்வொருவரையும் விசாரிப்பார். சம்மதத்தோடுதான் போகிறாயா என்பது கேள்வி. ஆம் என்பதுதான் பதில். வேறு பதிலுக்கு அவருக்கு நேரம் இல்லை. நான் துபாசி. காலையிலிருந்து ‘நான் சம்மதிக்கிறேன், நான் சம்மதிக்கிறேன்’ என்று சொல்லி என் நாக்கு வறண்டுபோயிருந்தது. வரிசையில் யேசுதாசன் வந்தான். இருமல், கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"எனக்கு அங்க யாருமில்ல சாமி. போனா பிச்சைதான். இருந்த ஒரு தம்பியையும் இந்த மண்ணுலதான் பொதச்சேன்."

மொழிபெயர்த்தேன். துரை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இங்கே அவனை யார் பார்ப்பார்கள் என்று கேள் என்றார்.

நான் கேட்கவில்லை. "நான்" என்றேன்.

யேசுதாசன் ஒன்றும் சொல்லவில்லையே என்று துரை குழம்பினார். "இது அவன் சொன்னது அல்ல. நான் சொல்வது. இவன் என் வீட்டில் இருப்பான்" என்றேன். துபாசி தன் சொந்தப் பேச்சைப் பேசுவது முறையல்ல என்று அவர் எனக்கு நினைவூட்டினார். சரியான பேச்சு. மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். கப்பல் பட்டியலில் அவன் பெயரைத் துரை அடித்துவிட்டார்.

வீட்டில் என் மனைவி சிவபாக்கியம் ஆடிய ஆட்டத்தை எழுதமுடியாது. குடிகாரனை, ஜெயிலுக்குப் போனவனை, என்ன ஆட்கள் என்றே தெரியாதவனைக் குசினிக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்களே என்று அழுதாள். யேசுதாசனும் நன்றியுள்ளவனாக ஒன்றும் நடந்துகொள்ளவில்லை. சாம்பாரில் புளி போதாது என்றான். வாழைக்குக் குழி தோண்டச் சொன்னால் பாட்டுப் பாடினான். ஆனால் அவள் காய்ச்சலில் கிடந்தபோது கிணற்றுத் தண்ணீர் முழுவதும் அவன்தான் இறைத்தான். அதன் பிறகு அவனுக்குச் சாப்பாட்டை வாசற்படியில் வைக்காமல் உள்ளே கூப்பிட்டுப் போட்டாள். ஏச்சு மட்டும் நிற்கவில்லை.

அந்த வருஷ முடிவில் நானாகவே பாதிரியாரிடம் போய் ஞானஸ்நானம் கேட்டேன். அவர் மகிழ்ந்துபோனார். ஞானத்தகப்பனாக யார் நிற்பது, ஜொகூர் பாருவிலிருந்து மிஸ்டர் பெஞ்சமினை அழைக்கலாமா என்றார். யேசுதாசன் என்றேன். அவர் முகம் வாடியது. சபைக்கு நல்ல முன்மாதிரி அல்ல, குடிக்கிறவன், தண்டனை பெற்றவன் என்றார். அப்படியானால் எனக்கும் வேண்டாம் என்று குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாதிரியார் பல வாரம் யோசித்தார். அவர் மோசமான மனிதர் அல்ல, சட்டப் புத்தகத்தை அதிகம் படித்தவர். கடைசியில் இணங்கினார், அன்றைக்கு மட்டும் அவன் குடிக்காமல் வரவேண்டும் என்ற நிபந்தனையோடு.

என் மனைவியையும் கூடவே சேர்த்துக்கொள்ளலாமா என்று அவர் வீட்டுக்கே வந்து கேட்டார். "இந்த மனிசனை மாத்தினதே போதும், என்னை என்ரை பாட்டிலை விடுங்கோ" என்று சொல்லிக் கோப்பி கொடுத்து அனுப்பினாள். இன்றுவரை வெள்ளிக்கிழமை தவறாமல் சைவக் கோயிலுக்குப் போகிறாள். நான் குடை பிடித்துக்கொண்டு வாசல்வரை போகிறேன். இதுவும் நம் போதகருக்குப் பிடிப்பதில்லை.

ஞானஸ்நானத்தன்று யேசுதாசன் என் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றான். கைப்பட்டை விரல்நுனிவரை வந்தது. பாதிரியார் தலையில் தண்ணீர் ஊற்றும்போது அவன் என் தோளில் கை வைக்க வேண்டும். வைத்தான். அந்தக் கை நடுங்கிய நடுக்கத்தில் என் தோளே ஆடியது. பாதிரியார் என்னைப் பார்த்தார், நான் பாதிரியாரைப் பார்த்தேன். இந்த ஒரு காலையைக்கூடக் குடிக்காமல் இவனால் பொறுக்க முடியவில்லையே என்று எரிச்சல் வந்தது. தலையில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும்போதே அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் அவனைப் பற்றிக் குறைசொல்லத் தொடங்கினேன். சோறு வடித்துக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"விசர்க் கதை கதையாதேங்கோ. அந்த மனிசன் முந்தாநாள் துவங்கிக் கள்ளையும் தொடேல்லை, பச்சைத் தண்ணியும் குடிக்கேல்லை. உங்களுக்கெண்டு உபவாசமாம். நான் கோப்பி குடுத்தும் வேண்டாமெண்டிட்டுது. இலையைப் போடுங்கோ, முதல்லை அது சாப்பிடட்டும்."